மூன்று வரியில் காசி மலை: ‘டைம்ஸ் பார்ட்டர்’ ஹைக்கூ தொகுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் புத்தகத்தை யாரிடமாவது சொன்னால் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். மழையைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்சம் நீளும்.

இது என்ன புத்தகம்? யார் எழுதியது?

‘டைம்ஸ் பார்ட்டர்’ ஒரு ஹைக்கூ, சென்ரியூ தொகுப்பு. மேகாலயாவைச் சேர்ந்த காசி இனக் கவிஞர் கின்பாம் சிங் நோங்கின்ரி ஆங்கிலத்தில் எழுதியது. ஹார்ப்பர்காலின்ஸ் இந்தியா 2015-இல் வெளியிட்டது. கவிஞர் 1964-இல் சோஹ்ராவில் பிறந்தவர். நாம் பள்ளிக்கூடத்தில் ‘சிரபுஞ்சி’ என்று படித்தோமே, அதே ஊர்தான். உள்ளூர்க்காரர்களுக்கு அது என்றைக்குமே சோஹ்ரா. ஷில்லாங்கில் உள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆசிரியர். காசி மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்.

அவருடைய கவிதை ஒன்றை இங்கே எடுத்துப் போடக்கூடாதா?

போடவில்லை. நாவலிலிருந்து ஒரு பத்தி எடுத்தால் அது மேற்கோள். ஹைக்கூவிலிருந்து மூன்று வரி எடுத்தால் முழுப் படைப்பையே எடுத்ததாகிவிடும். இந்த அளவுச் சிறிய வடிவத்துக்கு நாம் கொடுக்கக்கூடிய மரியாதை, அதை அதன் பக்கத்திலேயே போய்ப் படிப்பதுதான். எங்காவது உதாரணம் தேவைப்பட்டால் நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன். அதில் குறை இருந்தால் அது என்னுடையது.

காசி என்றால் கங்கைக்கரைக் காசியா?

இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். இது மேகாலயாவின் நடுப்பகுதி மலைகளில் வாழும் மக்களின் பெயர், அவர்கள் மொழியின் பெயரும் அதுவே. 2011 கணக்கெடுப்பின்படி 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காசியைத் தாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மொழிக்கு உறவு தேட வேண்டுமென்றால் கம்போடியாவின் கெமர் மொழி வரைக்கும், பர்மாவின் மோன் மொழி வரைக்கும் போக வேண்டும். ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம். பக்கத்து அசாமியோ, அடுத்த மலையின் காரோவோ அதற்குச் சொந்தமில்லை.

பிள்ளைகள் தாயின் குலப்பெயரை வைத்துக்கொள்கிறார்கள். குடும்ப வீடு கடைசி மகளுக்குப் போகிறது. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வதும் குடும்பச் சடங்குகளும் அவள் பொறுப்பு. தாய்மாமனுக்கு வீட்டில் பெரிய மரியாதை உண்டு. அங்கே எழுதப்படும் ஒரு கவிதையில் வீடு, அம்மா, தங்கை என்று வந்தால் இந்தப் பின்னணியோடுதான் வரும்.

ஹைக்கூவுக்கும் சென்ரியூவுக்கும் என்ன வித்தியாசம்?

உருவத்தில் எதுவும் இல்லை, இரண்டும் மூன்று வரிதான். ஹைக்கூ பருவத்தையும் இயற்கையையும் பார்க்கும். சென்ரியூ மனிதர்களைப் பார்க்கும்: அவர்களுடைய ஆசை, பாசாங்கு, பேரம், கூச்சம். ஜப்பானில் 18-ஆம் நூற்றாண்டில் கராய் சென்ரியூ என்பவர் இப்படிப்பட்ட பாடல்களைத் தொகுத்தார், அவர் பெயரே வடிவத்துக்கும் நின்றுவிட்டது. ஹைக்கூ என்ற பெயர் இன்னும் பிந்தியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் மசவோகா ஷிக்கி நிலைநிறுத்தியது. அவருக்கு முந்தைய பெருங்கவிஞர் பாஷோ தன் காலத்தில் எழுதியது ‘ஹொக்கு’, அதாவது தொடர்கவிதையின் தொடக்கப் பாடல்.

நோங்கின்ரி இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்தது எனக்குச் சரியாகப் படுகிறது. மலையில் இவை தனித்தனியாக இல்லை. மழை பெய்தால் சந்தையில் விலை மாறும். விலை மாறினால் முகம் மாறும்.

5-7-5 அசை எண்ணிப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். ஜப்பானிய மொழியில் எண்ணுவது ‘ஒன்’ என்ற ஒலி அலகு. அது ஆங்கில அசையைவிடச் சிறியது, தமிழ் அசையோடும் ஒத்துப்போகாது. எண்ணிக்கொண்டே படித்தால் கவிதை கையை விட்டுப் போய்விடும். பார்க்க வேண்டியது வேறு: எந்த இடத்தில் கவிதை ஒரு நொடி நின்று திரும்புகிறது? ஜப்பானியர் அந்த இடத்துக்கு ‘கிரெஜி’, வெட்டுச்சொல், என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். மற்ற மொழிகளில் வரி உடைவதும் ஒரு கோடும் அந்த வேலையைச் செய்கின்றன.

ஜப்பானிய வடிவம் காசி மலைக்குப் பொருந்துமா? இரவல் வாங்கியதுபோல இருக்காதா?

நானும் இந்தச் சந்தேகத்தோடுதான் புத்தகத்தைத் திறந்தேன். பொருந்துகிறது. ஆனால் காரணம் ‘அங்கேயும் மலை, இங்கேயும் மலை’ என்பது அல்ல.

ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பானிய ஹைக்கூவில் ‘கிகோ’ என்று ஒரு பருவச்சொல் வேண்டும். செர்ரிப் பூ என்றால் வசந்தம், அங்கே அதற்கு மாற்றே கிடையாது. ஷில்லாங்கிலும் செர்ரி பூக்கிறது, தெருவே இளஞ்சிவப்பாகிவிடும். ஆனால் அது இமயமலைச் செர்ரி, பூப்பது நவம்பரில். குளிர் தொடங்கி, வானம் கழுவி விட்டதுபோல இருக்கும் நேரம். ஒரே பூ, ஆறு மாதம் தள்ளி, நேர் எதிரான மனநிலையில். ஜப்பானில் அந்தப் பூவுக்கு முன்னால் கடுங்குளிர் முடிந்திருக்கும். இங்கே குளிர் இனிமேல்தான் வர வேண்டும். ஜப்பானியப் பருவச்சொல் அகராதியை அப்படியே தூக்கி வந்தால் இந்த மலையில் ஒரு கவிதைகூட உண்மையாக எழுத முடியாது.

காசி மொழிக்கென்று நான்கு பருவப் பெயர்கள் உண்டு: பிரெம், லியூர், சின்ராய், த்லாங். வசந்தம், மழைக்காலம், இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நாம் பெயர்த்துக்கொள்ளலாம், ஆனால் லியூரில் இருக்கும் ஈரம் ‘மழைக்காலம்’ என்ற சொல்லில் பாதிதான் வரும். இந்தத் தொகுப்பின் பலம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வடிவத்தை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டு, காலக்கணக்கை மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருப்பது.

சோஹ்ரா மழை நாம் நினைப்பதுபோலத்தானா?

இல்லை. முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரையிலான ஓர் ஆண்டில் அங்கே 26,461 மில்லிமீட்டர் மழை பதிவாகியிருக்கிறது. 1861 ஜூலை மாதத்தில் மட்டும் சுமார் 9,300 மில்லிமீட்டர். ஒன்பது மீட்டருக்கு மேல், அதாவது மூன்று மாடி உயரம், ஒரே மாதத்தில். சராசரிக் கணக்கில் பக்கத்து ஊரான மாசின்ராம் முதலிடம், ஆண்டுக்கு ஏறத்தாழ 11,870 மில்லிமீட்டர்.

காரணம் நில அமைப்பு. வங்காள விரிகுடாவிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று வங்கதேசச் சமவெளியைத் தடையில்லாமல் கடந்து வருகிறது. திடீரென்று எதிரே 1,300 மீட்டருக்கு மேல் சுவர்போல ஒரு மலை. காற்று மேலே ஏற, குளிர, கொட்டுகிறது. பெரும்பகுதி இரவிலும் விடியற்காலையிலும் பெய்வது இந்த ஊரின் பழக்கம். தகரக் கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு அதைக் கேட்டு வளர்ந்தவர் ஒருவர் எழுதும் மழை, ஜன்னலோரத்தில் தேநீரோடு ரசிக்கும் மழையாக இருக்க முடியாது.

இப்போது ஒரு பொருளைக் கிட்டத்தில் பாருங்கள். க்னூப். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, நடுவில் காய்ந்த இலைகளை அடுக்கி, ஆமை ஓடுபோல வளைத்துச் செய்யும் மழைக்காப்பு. தலையில் மாட்டினால் முதுகு முழுக்க மூடி முழங்கால் வரை வரும். பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. இரண்டு கையும் சும்மா இருப்பதால் குனிந்து களை எடுக்கலாம், நாற்று நடலாம், மழை முதுகில் பெய்துகொண்டே இருக்கும். குடை நிற்பவருக்கும் நடப்பவருக்கும் ஆனது. க்னூப் குனிந்து வேலை செய்பவருக்காக யோசித்துச் செய்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வயலில் ஐந்தாறு பெரிய ஆமைகள் மெதுவாக நகர்வதுபோல இருக்கும்.

இதை வைத்து நான் எழுதிய ஒன்று:

நின்றது மழை
க்னூப்பின் விளிம்பு மட்டும்
இன்னும் சொட்டுகிறது

இதில் ஆள் இல்லை, முகம் இல்லை. ஆனால் அந்தப் பெண் இன்னும் நிமிரவில்லை என்று தெரிகிறதா? தெரிந்தால் சரி. ஹைக்கூ படிக்கும்போது எதைத் தேடுகிறோம் என்று காட்டத்தான் எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவ்வளவு மழை பெய்யும் சோஹ்ராவில் குளிர்காலத்தில் குடிநீர்ப் பஞ்சம். மண் மெல்லியது, மேட்டில் மரம் குறைவு, பெய்த நீர் நிற்காமல் பள்ளத்தாக்கில் இறங்கி வங்கதேசத்தின் சில்ஹெட் சமவெளிக்கு ஓடிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து அதே ஊர்ப் பெண்கள் குடம் எடுத்துக்கொண்டு ஊற்றைத் தேடி நடக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு படித்தால், அந்த ஊர்க்காரரின் கவிதையில் வரும் தண்ணீர் என்ற சொல்லுக்கே எடை கூடிவிடும்.

அன்றாட வாழ்க்கை என்றால் எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

குவாய். இதை விட்டுவிட்டுக் காசி வாழ்க்கையைப் பற்றி எதையும் தொடங்க முடியாது. ஈரமான பச்சைப் பாக்கில் ஒரு துண்டு, சுண்ணாம்பு தடவிய வெற்றிலை. நம் தாம்பூலத்துக்குச் சொந்தம்தான், ஆனால் வேகம் வேறு. பழக்கமில்லாதவர் போட்டால் இரண்டு நிமிடத்தில் காது சூடாகும், நெற்றி வியர்க்கும். குளிர்மலைக்கு அது கைக்கணப்புபோல.

வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் குவாய். பணக்காரர், ஏழை என்ற வேறுபாடு இதில் கிடையாது. அதற்கு ஒரு பழங்கதையே இருக்கிறது. ஓர் ஏழை வீட்டுக்கு அவனுடைய பணக்கார நண்பன் வருகிறான். அடுப்பில் வைக்க ஒரு பிடி அரிசி இல்லை, அக்கம்பக்கத்தில் கேட்டும் கிடைக்கவில்லை. வெட்கம் தாங்காமல் கணவனும் மனைவியும் உயிரை விடுகிறார்கள். அதைப் பார்த்த நண்பனும் விடுகிறான். அன்றிரவு அந்த வீட்டில் ஒளிந்த திருடன், பழி தன்மேல் விழும் என்று அவனும் விடுகிறான். நண்பன் பாக்கானான், தம்பதி வெற்றிலையும் சுண்ணாம்பும், திருடன் புகையிலை. இனி விருந்தாளிக்குக் கொடுக்க ஏதுமில்லை என்று எந்த ஏழையும் அவமானப்பட வேண்டாம் என்பதற்காக வந்ததுதான் குவாய் என்பார்கள். இறந்துபோனவரைப் பற்றிப் பேசும்போதும், ‘கடவுளின் வாசலில் குவாய் போட்டுக்கொண்டிருக்கிறார்’ என்று சொல்வது வழக்கம்.

முன்பெல்லாம் நடைதூரத்தைக்கூட வழியில் எத்தனை குவாய் மென்றோம் என்று கணக்கிட்டுச் சொல்வார்களாம். யோசித்துப் பாருங்கள், ‘இரண்டு பாக்கு தூரம்’. அந்தச் சொல்லே பாதி ஹைக்கூ.

அப்புறம் ஷில்லாங்கின் இயூடு சந்தை, வெளியூர்க்காரர்கள் பரா பஜார் என்பார்கள். சரிவில் இறங்கும் குறுகலான சந்துகள், நெற்றிப் பட்டையில் கூம்புக் கூடை மாட்டி ‘கொஞ்சம் வழி, கொஞ்சம் வழி’ என்று கத்திக்கொண்டு போகும் சுமைக்காரர்கள், கருவாட்டு வாசனை, புளிக்கவைத்த சோயா வாசனை, ஆரஞ்சு, தேன், இரும்புச் சட்டி. கடைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களைக் ‘கோங்’ என்று கூப்பிட வேண்டும், அக்கா என்று அர்த்தம். ஆண்களை ‘பா’, அண்ணன். ஜாடோ (இறைச்சியோடு சமைத்த சோறு) கடையில் சோறு கேட்கும்போதும் கோங்தான்.

சென்ரியூவுக்கு உதாரணமாக ஒன்று:

பேரம் படியவில்லை
இருவர் வாயிலும்
ஒரு பாக்கின் இரு பாதி

தலைப்புக்கு என்ன அர்த்தம்?

‘காலத்தின் பண்டமாற்று’ என்று தமிழில் சொல்லலாம். கவிஞர் என்ன நினைத்து வைத்தார் என்பதை நான் அவர் சார்பில் சொல்லப் போவதில்லை. எனக்கு அதில் தோன்றியதைச் சொல்கிறேன்.

காசி மக்களின் பழைய வாரத்துக்கு எட்டு நாள். நாள்களின் பெயர்கள் கோள்களிடமிருந்து வரவில்லை, சந்தைகளிடமிருந்து வந்தன. எந்த ஊரில் அன்றைக்குச் சந்தையோ அதுதான் அந்த நாளின் பெயர். இயூடு அந்த எட்டில் ஒன்று. எட்டு நாளில் ஒரு சுற்று முடிந்து, மறுபடி முதல் சந்தை. நம் ஊரிலும் வாரச்சந்தை உண்டு, ஆனால் நாம் செவ்வாய்க்கிழமைச் சந்தை என்போம், நாள் முதலில், சந்தை அப்புறம். அங்கே சந்தையே நாள்.

காலத்தையே விற்பதும் வாங்குவதுமாக எண்ணிய ஒரு சமூகத்திலிருந்து வந்தவர் தன் ஹைக்கூ தொகுப்புக்கு இந்தத் தலைப்பை வைக்கும்போது, அது வெறும் அழகான உருவகமாக எனக்குப் படவில்லை. ஒரு நொடியைக் கொடுத்து மூன்று வரியை வாங்கிக்கொள்வது என்ற வியாபாரம் அவருக்குப் பரம்பரையாகத் தெரிந்த ஒன்று என்றே தோன்றுகிறது.

காசி மொழியின் தன்மை ஆங்கிலக் கவிதையில் தெரியுமா?

தேடினால் தெரியும். அந்த மொழியில் ஒருமைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெரும்பாலும் ‘உ’ அல்லது ‘கா’ வரும். ‘உ’ ஆண், ‘கா’ பெண். உயிருள்ளது, இல்லாதது எல்லாவற்றுக்கும். சூரியன் கா, அதாவது அவள். நிலவு உ, அவன். நமக்கு நேர் எதிர். நாம் நிலாவைப் பெண்ணாகவே பாடிப் பழகியவர்கள். அங்கே சூரியன் அக்கா, நிலவு தம்பி. அக்காமேல் தப்பான ஆசை வைத்ததற்காக அவள் அடுப்புச் சாம்பலை அள்ளி அவன் முகத்தில் எறிந்தாள், நிலவில் தெரியும் கறை அதுதான் என்று கதை. இன்னொரு கதையில் இருவரும் சேர்ந்து நடனமாட, விலங்குகள் கேலி செய்ய, சூரியன் கோபித்துக்கொண்டு குகைக்குள் போய்விடுகிறாள். உலகம் இருண்டுவிட்டது. அவளைச் சமாதானம் செய்யப் போனது சேவல். ‘நீ கூவினால் வருகிறேன்’ என்று வாக்குக் கொடுத்தாள்.

ஆக, காசி மலையில் விடியற்காலைச் சேவல் கூவினால் அது வெறும் சத்தமில்லை. ஒரு தூதுவன் வேலைக்குப் போகிறான். ஆங்கிலத்தில் ‘சேவல்’ என்று ஒரே ஒரு சொல் இருக்கும் இடத்தில் இவ்வளவும் அடியில் கிடக்கிறது.

அவர் ஏன் காசியிலேயே எழுதிவிடக்கூடாது?

காசியிலும் எழுதுகிறார். ஆனால் எழுத்து வந்த வரலாறே அங்கே கொஞ்சம் சிக்கலானது. 1841-இல் தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு மிஷனரி சோஹ்ராவுக்கு வந்து, காசி மொழிக்கு ரோமன் எழுத்தை வேல்ஸ் எழுத்துமுறையையொட்டி அமைத்தார். அதற்கு முன்னால் இலக்கியம் வாயிலும் காதிலும் இருந்தது. தங்களுக்கும் ஒரு காலத்தில் எழுத்து இருந்ததாகவும், வெள்ளத்தில் நீந்திக் கடக்கும்போது காசிக்காரன் ஏட்டை வாயில் கவ்வி, கடைசியில் விழுங்கிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. எழுத்து வயிற்றுக்குள் போய்விட்டது, அதனால்தான் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம் என்பார்கள்.

எழுத்து வந்து நூறு ஆண்டு ஆவதற்குள் சோசோ தாம் (1873–1940) என்ற மாபெரும் கவிஞர் காசி மொழியில் எழுந்துவிட்டார். அவரும் சோஹ்ராக்காரர். நோங்கின்ரி அவரைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறார், மொழிபெயர்த்திருக்கிறார். இரண்டு மொழியில் எழுதுவது அங்கே துரோகமாகப் பார்க்கப்படுவதில்லை. மலைக்குள் காசி, மலையைத் தாண்டினால் ஆங்கிலம். அடுத்த மாநிலத்துக் கவிஞரோடு பேசவே அவர்களுக்கு அது தேவைப்படுகிறது.

இயற்கைக் கவிதை என்றால் அழகு மட்டும்தானா?

சுற்றுலா விளம்பரத்தில்தான் அப்படி. மேகாலயா ஒரு பக்கம் காவல்காடுகளின் நிலம். மாஃப்லாங்கின் புனிதக் காட்டிலிருந்து ஓர் இலையைக்கூட வெளியே எடுத்துவரக் கூடாது என்பது விதி. இன்னொரு பக்கம் நிலக்கரிக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் மலையையே குடைந்த நிலம். ஆள் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய எலிவளைச் சுரங்கங்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடை செய்தது. தடைக்குப் பிறகும் 2018 டிசம்பரில் கிழக்கு ஜெயந்தியா மலையில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 15 பேர் சிக்கிக்கொண்டார்கள். அதே மாவட்டத்தின் லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீலமாக மாறுகிறது. பார்ப்பவர்கள் அழகு என்று படம் எடுக்கிறார்கள். மீன் செத்த நீலம் அது.

இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் ‘ஆறு’ என்று எழுதும்போது அதில் புகழ்ச்சி மட்டும் இருக்க முடியுமா? வாசிப்பவர் இதையும் மனதில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தமிழ் ஹைக்கூ படித்துப் பழகியவர்களுக்கு இது எப்படி இருக்கும்?

முதல் சில பக்கங்கள் ‘அவ்வளவுதானா?’ என்று தோன்றலாம். நம்மிடம் இந்த வடிவத்துக்கு நூறாண்டுப் பழக்கம் உண்டு. பாரதி 1916-இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதி, வீடு தீப்பிடித்து எரிந்தபோது உதிரும் பூவின் அமைதியைப் பார்த்த ஹொகுஷியின் பாடலை நமக்கு அறிமுகப்படுத்திவிட்டார். 1984-இல் அமுதபாரதியும் அறிவுமதியும் தனித் தொகுப்புகள் கொண்டுவந்த பிறகு அது தனி இயக்கமாகவே ஆனது. ஆனால் தமிழ் ஹைக்கூ போகப்போக மூன்றாவது வரியில் ஓர் அடி கொடுப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டது. சமூகக் கோபம், சுருக்கென்ற முடிவு. அதில் நல்ல கவிதைகள் நிறைய உண்டு. ஆனால் அந்த அடிக்காகக் காத்திருந்து ‘டைம்ஸ் பார்ட்டர்’ படித்தால் ஏமாற்றம்தான். இங்கே மூன்றாவது வரி அடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், இரண்டாவது வரியிலேயே கொஞ்சம் நில்லுங்கள்.

தமிழில் மொழிபெயர்க்கலாமா?

உரிமை கேட்டு, அனுமதி வாங்கி, கட்டாயம் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. ஆங்கிலத்தைவிடத் தமிழ் சில இடங்களில் அந்த மலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. குவாய் என்று வந்தால் ஆங்கில வாசகருக்கு அடிக்குறிப்பு வேண்டும். நமக்கு வேண்டாம். ‘வெற்றிலை பாக்கு’ என்ற இரண்டு சொல்லிலேயே விருந்தோம்பல், சம்மதம், சடங்கு எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும்.

கஷ்டப்படுத்தும் இடங்களும் உண்டு. க்னூப்புக்கு நிகர்ச்சொல் இல்லை. மழையில் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணி ஞாபகம் வருகிறது, ஆனால் அது வேறு பொருள். க்னூப் என்றே விட்டுவிடுவது நல்லது. நிலவை ‘அவள்’ ஆக்கும் பழக்கத்தைக் கையைக் கட்டித்தான் நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து விளக்குவது. ஆங்கிலத்தில் ஏழு சொல்லில் இருப்பது தமிழில் பதினோரு சொல்லாகிவிட்டால், அந்த நான்கும் மொழிபெயர்ப்பாளரின் பயம். வாசகருக்குப் புரியாதோ என்ற பயம். வெட்டிவிடுங்கள்.

எப்படிப் படிப்பது? ஒரே மூச்சில் முடித்துவிடலாமே?

முடித்துவிடலாம், நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். ஒரு மாலையில் முடித்துவிட்டு, எதுவும் நினைவில் இல்லாமல் புத்தகத்தை மூடினேன். இரண்டாவது தடவை ஒரு நாளைக்கு மூன்று என்று வைத்துக்கொண்டேன், காலையில் காபிக்கு முன்னால். அன்றைக்குப் பார்க்கிற எதாவது ஒன்று, பால் பாக்கெட்டின் ஈரமோ மொட்டைமாடிக் காக்கையோ, அந்த மூன்றில் ஒன்றோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத நாளும் உண்டு.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் கூடவே உட்கார்ந்து, தேர்ந்தெடுத்துப் படித்துக் காட்டலாம். முழுத் தொகுப்பும் பெரியவர்களுக்கானது. சின்னவர்களுக்கு அவர் ஆங்கிலத்தில் திரும்பச் சொன்ன காசி பழங்கதைகளின் தொகுப்பு ‘அரவுண்ட் த ஹார்த்’ (பென்குவின், 2007) இன்னும் பொருத்தம்.

இது பிடித்திருந்தால் அவருடைய வேறு எதைப் படிக்கலாம்?

கவிதை வேண்டுமென்றால் ‘த யேர்னிங் ஆஃப் சீட்ஸ்’ (2011). வடகிழக்கின் மற்ற கவிஞர்களையும் தெரிந்துகொள்ள, ராபின் எஸ். ஙாங்கோமோடு சேர்ந்து அவர் தொகுத்த ‘டான்சிங் எர்த்’ (2009). அப்புறம் 2021-இல் வந்த ‘ஃப்யூனரல் நைட்ஸ்’ நாவல். மூன்று வரியில் நிறுத்தத் தெரிந்த அதே கை, இங்கே ஆயிரம் பக்க அளவுக்கு எழுதியிருக்கிறது. காசி இனத்தின் ஒரு பிரிவான லிங்ஙாம் மக்களின் ஆறு நாள் இறுதிச்சடங்கைப் பார்க்கக் காட்டுக்குள் இருக்கும் ஓர் ஊருக்குப் போகும் நண்பர்கள், அது தொடங்கும்வரை இரவெல்லாம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் இனத்தின் கதைகளைப் பேசுகிறார்கள். ஹைக்கூ தொகுப்பை முதலில் படித்துவிட்டு அங்கே போனால், எந்த நொடியை அவர் ஏன் விட்டுவிட்டார் என்று புரியத் தொடங்கும்.

நேரில் போய்ப் பார்க்க எந்த மாதம் நல்லது?

ஏஜெண்டைக் கேட்டால் அக்டோபர் முதல் மார்ச் வரை என்பார். அருவி தெரியும், பாதை காய்ந்திருக்கும், நவம்பரில் போனால் செர்ரியும் கிடைக்கும். இந்தப் புத்தகத்துக்காகப் போவதென்றால் ஜூலையில் போங்கள். மேகம் இறங்கி நோகலிகாய் அருவியை மறைத்துவிடலாம், சத்தம் மட்டும் கேட்கும். துணி காயாது. தங்கும் வீட்டுக் கோங் அடுப்புப் பக்கத்தில் ஒரு மோடா (மூங்கில் இருக்கை) இழுத்துப் போட்டு, கையில் ஒரு குவாய் கொடுப்பார். முதல் தடவை என்றால் பாதித் துண்டு போதும் என்று சொல்லிவிடுங்கள்.